தம்பிக்குச் செயற்கைத் தாடை மூட்டு வைக்கச் சொல்கிறார்கள். வைத்துக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பட்டர்வொர்த்துக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 23. ஏழு வயதில் சைக்கிளோடு கால்வாய்த் திட்டில் விழுந்து மோவாய் பிளந்தது. கிளினிக்கில் நாலு தையல் போட்டு அனுப்பினார்கள். பல் உடையவில்லை, இரத்தமும் நின்றுவிட்டது, நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். மோவாயில் பட்ட அடி காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டில் போய் இறங்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? ஒன்பது வயதில் கரண்டி நுழையச் சிரமப்பட்டான். அப்புறம் வருடத்துக்கு வருடம் வாய் மூடிக்கொண்டே வந்தது.

இப்போது மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர்தான். ரொட்டி சானாயைப் பிய்த்து, பருப்புக் குழம்பில் கூழாகும்வரை ஊறவைத்து, கடைவாய்ப்பல் சொத்தையாகி உடைந்த சந்து வழியாக விரலால் தள்ளிச் சாப்பிடுகிறான். மோவாய் வளராமல் உள்ளே போய்விட்டது. இரவில் பயங்கரக் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறான். நான் பக்கத்து அறையில் படுத்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் அரசு மருத்துவமனையில் வாய், முக அறுவை மருத்துவரைப் பார்த்தோம். சிடி ஸ்கேனில் இரண்டு பக்கமும் தாடை எலும்பு மண்டையோட்டு எலும்போடு ஒரே கட்டியாக ஒட்டிப் போயிருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டு, அவன் அளவுக்கே செய்த செயற்கை மூட்டை இரண்டு பக்கமும் வைக்கலாம் என்கிறார். அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "முகத்துக்குள்ளே இரும்பா?" என்று அதையே கேட்கிறார். மாமா ஒருவர், விலா எலும்பை எடுத்து வைப்பார்களே, அதைச் செய்யச் சொல் என்கிறார். தம்பி ஒன்றும் பேசுவதில்லை. அவனுக்குப் பேச்சே பல்லுக்குள்தான்.

யாராவது இதைச் செய்துகொண்டிருந்தால் சொல்லுங்கள். எத்தனை வருடம் தாங்கும்? உண்மையிலேயே வாய் திறக்குமா? திரும்ப ஒட்டிக்கொள்ளாதா?

செந்தூல் அப்பா எழுதியது:

தங்கச்சி, விலா எலும்பு என் மகளுக்கு வைத்தார்கள், அவளுக்கு அப்போது எட்டு வயது. விலா எலும்பின் நுனியில் குருத்தெலும்பு இருக்கிறது, அது பிள்ளையோடு சேர்ந்து வளரும், உலோகம் வளராது. குழந்தைக்கு விலா எலும்பைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் எவ்வளவு வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் மகளுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே வளர்ந்து மோவாய் மறுபக்கம் சாய்ந்துவிட்டது, அதற்கு இப்போது தனியாக வைத்தியம் நடக்கிறது. உங்கள் தம்பிக்கு 23 வயது, வளர்ச்சி முடிந்தாயிற்று. மாமா சொல்கிற காரணம் அவனுக்குப் பொருந்தாது என்றுதான் எனக்குப் படுகிறது. நெஞ்சில் ஒரு காயம் கூடுதல், எலும்பு பிடிக்கும்வரை தாடையை அதிகம் அசைக்கவும் விடமாட்டார்கள். இறுகிப்போன தாடைக்கு அசைக்காமல் இருப்பதே ஆபத்து.

நிபோங் திபால் அக்கா எழுதியது:

தங்கச்சி, உன் பதிவைப் படித்துவிட்டு இரவு முழுக்கத் தூக்கமில்லை. எனக்கு இப்போது 38 வயது. வலது பக்கம் செயற்கை மூட்டு வைத்து ஏழு வருடம் ஆகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

நான் தோட்டத்தில் பிறந்தவள். நாலு வயதில் காதில் சீழ். எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள், பூண்டு வைத்தார்கள். சீழ் நின்றது, ஆனால் காதுக்கும் தாடை மூட்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய சுவர்தான், நோய் அதைத் தாண்டிவிட்டது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது வாய் இரண்டு மில்லிமீட்டர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனால் பந்தலில் எல்லோரும் சாதம் வாங்குவார்கள், எனக்கு மோரும் ஒரு உறிஞ்சு குழலும்.

பதின்மூன்று வயதில் முதல் அறுவை. ஒட்டிய எலும்பை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்து, அந்த இடைவெளியில் நெற்றிப்பொட்டில் இருக்கும் தசையில் ஒரு பகுதியை மடித்து வைத்தார்கள். மயக்கத்தில் இருக்கும்போது 30 மில்லிமீட்டர் திறந்தது என்று சொன்னார்கள். கையில் மரக்குச்சிக் கட்டு ஒன்று கொடுத்து, தினமும் பல்லுக்கு நடுவே அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்றார்கள். வலி என்றால் அப்படி ஒரு வலி. நான் அழுவேன், என்னைப் பார்த்து அம்மா அழுவார். மூன்றாவது வாரம் பாவம் பார்த்துக் குச்சியை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். "பிள்ளைக்குக் கொஞ்சம் ஆறட்டும்" என்றார். ஒரு வருடத்தில் ஆறு மில்லிமீட்டருக்கு வந்து, அப்புறம் பழையபடி இரண்டு. வெட்டிய இடத்தில் எலும்பு திரும்ப வளர்ந்து ஒட்டிவிட்டது. அம்மா மேல் எனக்கு ஒரு துளிகூடக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் குச்சிக் கட்டு பரண்மேல் போகாமல் இருந்திருந்தால் என் பதினெட்டு வருடம் வேறு மாதிரி போயிருக்கும். உனக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். மற்றதையெல்லாம் மருத்துவர் பார்த்துக்கொள்வார், குச்சியை வீடுதான் பார்க்க வேண்டும்.

சரி, அம்மாவின் இரும்புக்கு வருகிறேன். அது இரும்பு இல்லை. மூட்டு இரண்டு துண்டு. மேலே, காதுக்கு முன்னால் மண்டையோட்டுக் குழியில் திருகி வைப்பது ஒரு கிண்ணம். அதன் உள்பக்கம் மிகக் கெட்டியான பாலிஎதிலீன், இடுப்பு மூட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் வைக்கிறார்களே, அதே வகைப் பிளாஸ்டிக். கீழே தாடை எலும்பின் வெளிப்பக்கமாக ஒரு தகடு, அதன் தலையில் உருண்டை. எனக்கு வைத்ததில் தகடு டைட்டானியக் கலவை, உருண்டை கோபால்ட் குரோமியம். உங்கள் தெருவில் முழங்கால் மாற்றிய பாட்டி ஒருவராவது இருப்பார். அம்மாவை அவரிடம் அழைத்துப் போ.

இணையத்தில் தேடினால் பயமுறுத்தும் கதைகள் வரும், நானும் படித்து அழுதிருக்கிறேன். அவற்றில் பல 1980களில் அமெரிக்காவில் வைத்த டெஃப்லான் பூசிய உள்வைப்புகளைப் பற்றியவை. அது தேய்ந்து துகளாகி, அந்தத் துகளை உடல் எதிர்த்து, சுற்றியிருந்த எலும்பையே அரித்தது. 1990களின் தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது வைப்பது வேறு பொருள், வேறு வடிவம். ஆளின் அளவுக்குச் செய்யும் மூட்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999இல் அனுமதி கொடுத்தது. அந்த வகையை வைத்துக்கொண்டவர்களை இருபது வருடம்போல் பின்தொடர்ந்து பார்த்து, வலியும் வாய் திறப்பும் நன்றாகவே இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். உன் தம்பிக்கு 23 என்பதால் ஆயுளுக்கும் இதுவே போதும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பிறகு ஒருமுறை மாற்ற நேரலாம். அதை அவனிடம் மறைக்க வேண்டாம்.

எனக்கு இரண்டு கட்டமாகச் செய்தார்கள். முதலில் கட்டியை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் தற்காலிகமாக ஓர் அடைப்பை வைத்து, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டிவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பி வெட்டும் இடுக்கி ஒன்று தொங்கும், வாந்தி வந்தால் உடனே வெட்ட. அப்புறம் மறுபடி சிடி எடுத்து, அதிலிருந்து என் தாடையின் மாதிரியைச் செய்து, அதன்மேல் மூட்டை வடிவமைத்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். அந்த வாரங்கள் நகரவே இல்லை. இப்போது எங்கே வெட்டுவது என்பதைக் கணினியிலேயே முடிவு செய்து, வெட்டுவதற்கு அச்சும் செய்து, ஒரே தடவையில் முடிப்பதும் உண்டு. தம்பிக்கு எது என்று கேள்.

தம்பிக்குக் கடிகாரப் பட்டையோ மலிவான மோதிரமோ பட்டுத் தோல் அரித்திருக்கிறதா? கோபால்ட் குரோமியத்தில் கொஞ்சம் நிக்கல் இருக்கும். எனக்குக் கவரிங் வளையல் ஆகாது, அதைச் சொன்னதும் தோல் சோதனை செய்தார்கள். எனக்கு நிக்கல் ஒவ்வாமை இல்லை என்று வந்தது. இருந்திருந்தால் உருண்டையையும் டைட்டானியத்திலேயே செய்யலாம் என்றார்கள். இதை மூட்டுக்கு ஆர்டர் போடும் முன்பே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் நான் பயந்தது மயக்க மருந்துக்கு. வாய் திறக்காதவர்களைச் சும்மா தூங்க வைத்துவிட முடியாது, தூங்கியதும் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட வழி இருக்காது. அதனால் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக, நுனியில் கேமரா உள்ள மெல்லிய கம்பியைப் பிடித்துக்கொண்டு குழாயை இறக்குவார்கள். மூக்கிலும் தொண்டையிலும் மரத்துப்போகும் மருந்து அடித்துவிடுகிறார்கள், கூர்மையான வலி இல்லை, ஆனால் புரையேறுவது போலவே இருக்கும். ஒரு தாதி என் கையைப் பிடித்துக்கொண்டு "மூச்சை இழுங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குழாய் உள்ளே போன மறுகணம் தூங்கிவிட்டேன். ஒப்புதல் படிவத்தில் கழுத்தில் துளை போடுவது பற்றியும் எழுதியிருப்பார்கள், அது முன்னெச்சரிக்கை. அதைப் படித்துவிட்டு அம்மா பதற வேண்டாம்.

காதுக்கு முன்னால் ஒரு வெட்டு, தாடை மூலைக்குக் கீழே இன்னொன்று. அந்த இடத்தில்தான் முக நரம்பு ஓடுகிறது. எனக்கு வலது புருவம் நாலு மாதம் தூக்க வரவில்லை, கண் முழுக்க மூடாததால் இரவில் சொட்டு மருந்து விட்டுப் பட்டை ஒட்டிப் படுப்பேன். பெரும்பாலானவர்களுக்கு இது திரும்பி வந்துவிடும், எனக்கும் வந்தது. சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும் என்பதையும் மருத்துவர் முன்பே சொன்னார்.

வயிற்றில் எதற்குக் கட்டு என்று கண் விழித்ததும் கேட்டேன். தொப்புளுக்குக் கீழே கொஞ்சம் கொழுப்பை எடுத்து மூட்டைச் சுற்றி அடைத்திருக்கிறார்கள். காலி இடம் இருந்தால் அங்கே இரத்தம் தேங்கி எலும்பாக மாறும், கொழுப்பு அந்த இடத்தை நிரப்பிவிட்டால் எலும்பு வளர வழியில்லை. திரும்ப ஒட்டாதா என்று கேட்டாயே, அதற்கு ஒரு பதில் இது. இன்னொரு பதில் குச்சி.

ஐஸ்கிரீம் குச்சி மாதிரிதான், மருத்துவர் நாக்கை அழுத்திப் பார்ப்பது. என்னுடையது ஒன்று 1.5 மில்லிமீட்டர் கனம். கையால் அழுத்தித் திறக்கும் கருவியும் இருக்கிறது, அதற்கு ஒரு நாளில் 7 தடவை, தடவைக்கு 7 முறை திறந்து, ஒவ்வொரு முறையும் 7 வினாடி பிடிக்க வேண்டும். கருவி இல்லாத நாளிலும் குச்சியை வைத்து அதே கணக்கில் செய்தேன். இத்தனை வருடம் அசையாத தசை, கயிறு மாதிரி இருக்கும், எலும்பு வழிவிட்டாலும் அது விடாது. முதல் மாதம் என் அம்மா பத்து தோட்டம் தாண்டி பஸ் ஏறி வந்து என்னோடு தங்கினார். காலை ஆறு மணிக்கு முதல் தடவை. நான் அழுதேன், அவரும் அழுதார், ஆனால் இந்த முறை குச்சியை அவர்தான் கையில் பிடித்திருந்தார். "பதினேழு. இன்னும் ஒன்று, கண்ணு. பதினெட்டு." மூன்றாம் மாதம் இருபத்திரண்டு குச்சி நின்றது. இன்றைக்கும் இருபத்திரண்டுதான்.

என்ன வராது என்பதையும் சொல்கிறேன். சாதாரண மூட்டு முதலில் கதவு மாதிரி திரும்பும், அப்புறம் முன்னால் வழுக்கும். செயற்கை மூட்டு திரும்ப மட்டும் செய்யும். அதனால் என் வாய் திறக்கும்போது மோவாய் வலது பக்கம் கொஞ்சம் போகும். தம்பிக்கு இரண்டு பக்கமும் வைப்பதால் நேராகத் திறக்கும், ஆனால் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அரைக்க முடியாது. மூன்று விரல் நுழையும் வாய் கேட்காதே, இரண்டு விரலுக்குச் சற்று மேல் என்றால் பெரிய வெற்றி.

அறுவைக்குப் பிறகு நான் முதலில் சாப்பிட்டது எதுவென்று நினைவில்லை. பல்லின் உட்பக்கத்தை முதன்முதலாகப் பிரஷ்ஷால் தேய்த்தது நினைவிருக்கிறது. 31 வயதில். குளியலறையில் கால்மணி நேரம் நின்றேன்.

ஓய்வுபெற்ற தாதி, பிரிக்பீல்ட்ஸ், எழுதியது:

மகளே, நிபோங் திபால் பிள்ளை சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்துகிறேன். இரண்டு கட்டமாகச் செய்வது பழைய முறை என்று நினைத்துவிட வேண்டாம். கட்டி பெரியதாக இருந்து, மண்டையோட்டின் அடி வரைக்கும் பரவியிருந்தால், முதலில் எடுத்துப் பார்த்துவிட்டு அளவெடுப்பதே நல்லது என்று தேர்ந்த மருத்துவர்களும் முடிவு செய்வார்கள். அந்த மூட்டுக்கு உள்பக்கமாக ஒரு பெரிய தமனி ஓடுகிறது, அதனால் அவசரம் உதவாது.

இரவில் மூச்சு நிற்பதைக் கட்டாயம் மயக்க மருந்து மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், தூக்கச் சோதனை செய்யச் சொன்னால் தள்ளிப் போடாதீர்கள். மூக்கில் தண்டு வளைவோ சதையோ இருந்தால் அதையும் சொல்லுங்கள், மூக்கு வழிதான் அவனுக்கு இருக்கும் ஒரே வழி. ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் வாய்க்குள் வேலை செய்த கருவியைக் காதுப் பக்கம் வர விடமாட்டோம், கையுறை முதற்கொண்டு மாற்றுவோம். வாய்க்கிருமி மூட்டில் ஒட்டினால் படலமாகப் படியும், மருந்து எட்டாது, கடைசியில் மூட்டையே எடுக்க வேண்டி வரும். அதே காரணத்தால் அந்தச் சொத்தைப் பல்லைப் பற்றி இப்போதே பேசுங்கள். பின்னாளில் பல் வைத்தியத்துக்குப் போனாலும் மூட்டு இருப்பதைச் சொல்ல வேண்டும். மூட்டின் வகையும் எண்ணும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கி அடையாள அட்டையோடு வைத்திருக்கட்டும், எம்ஆர்ஐ எடுக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

பணம். அரசு மருத்துவமனையில் அறுவைக்கு ஆகும் கட்டணம் குறைவு, மூட்டின் விலை தனி, அது பல்லாயிரம் ரிங்கிட். விலைப்பட்டியல் கையில் வந்ததும் வீட்டு நகையை எடுக்காதீர்கள். முதலில் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்குப் போங்கள். சுகாதார அமைச்சின் தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்ற மருத்துவ உதவி நிதிக்கு அவர்கள் மூலமாக விண்ணப்பிக்கலாம். சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ரசீது, மருத்துவரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டு போங்கள். ஊழியர் சேமநிதியில் மருத்துவத்துக்கு எடுக்க வழியுண்டு, இந்த மூட்டு அதில் அடங்குமா என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

பட்டர்வொர்த்துக்காரி எழுதியது:

அக்கா, தாதி அம்மா, செந்தூல் அண்ணா, மூவருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்ல மனம் வரவில்லை. நேற்று இரவு எல்லாவற்றையும் எங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பரண்மேல் போட்ட இடம் வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பிறகு வந்து, "அந்தக் குச்சி எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்.

தம்பி இரண்டு கேள்வி கேட்கச் சொன்னான். கொட்டாவி விட முடியுமா? மோவாயையும் அப்போதே முன்னுக்குக் கொண்டு வர முடியுமா?

நிபோங் திபால் அக்கா எழுதியது:

கொட்டாவி வரும் தம்பி. முதல் சில வாரம் கையை மோவாய்க்குக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும், வலிக்கும். அப்புறம் பழகிவிடும்.

மோவாய்க்குப் பதில்: முடியும், ஆனால் அதை முன்பே திட்டத்தில் சேர்க்க வேண்டும். அளவெடுத்துச் செய்யும் மூட்டு என்பதால், கீழ்த்தாடை முழுவதையும் முன்னால் நகர்த்திய நிலைக்கு ஏற்றாற்போல் தகட்டை வடிவமைக்கலாம். நாக்கும் கூடவே முன்னால் வரும், தொண்டையில் காற்றுக்கு இடம் கிடைக்கும், குறட்டைக்கும் அது நல்லது. பல் கடி மாறும் என்பதால் பல் சீரமைப்பு மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். மூட்டு செய்து வந்தபிறகு கேட்டால் எதையும் மாற்ற முடியாது. அடுத்த சந்திப்பில் இதையே முதல் கேள்வியாக அவன் வாயாலேயே கேட்கட்டும், பல்லுக்குள்ளிருந்து கேட்டாலும் மருத்துவருக்குப் புரியும்.

பட்டர்வொர்த்துக்காரி எழுதியது:

மருந்துக்கடையில் நூறு குச்சி உள்ள பெட்டி ஒன்றை அம்மாவே வாங்கி வந்துவிட்டார். இப்போது அடுக்கிப் பார்த்தோம். இரண்டு நுழைகிறது.

நிபோங் திபால் அக்கா எழுதியது:

மூன்றாவதைத் தள்ளிப் பார்க்காதீர்கள், எலும்பு ஒட்டியிருக்கும்போது குச்சி திறக்காது, பல்தான் ஆடும். அந்த இரண்டின்மேல் இன்றைய தேதியை எழுதித் தனியாக எடுத்து வை. மிச்சப் பெட்டி அம்மாவிடமே இருக்கட்டும்.